பினக்கிள்ஸ் ஒருநாள் சுற்றுலா பஸ்: ஒரு பஸ் கேப்டன் பயணியாக உட்கார்ந்து பார்த்தது

பொழுதுக்கும் நான் ஓட்டுவேன், மற்றவர்கள் உட்கார்ந்து வருவார்கள். அதனால் இன்னொருவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறினால் எனக்கு வலது கால் சும்மா இருப்பதில்லை. வளைவைக் கண்டதும் தானாகத் தரையை அழுத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி முழங்கையால் இடிப்பாள். அப்படிப்பட்ட ஆள் எழுதும் மதிப்பீடு இது. கல், மணல், கங்காரு எல்லாம் வரும். டயரும் நேர அட்டவணையும் கொஞ்சம் கூடுதலாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போயிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து சுமார் ஐந்து மணி நேரப் பயணம். கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற வேலைகூட இல்லை, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். பெர்த்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் நம்பங் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள்தான் பினக்கிள்ஸ் பாலைவனம். மஞ்சள் மணலில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக் கற்கள் தனித்தனியாக நின்றுகொண்டிருக்கும். பெர்த் போய் வந்தவர்களின் போனைப் பார்த்தால் இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற படம் ஒன்று நிச்சயம் இருக்கும்.

காரா, பஸ்ஸா என்பதுதான் வீட்டில் நடந்த முதல் சண்டை. கார் எடுத்தால் சிக்கனம். பூங்கா நுழைவுக் கட்டணம் ஆளுக்கு அல்ல, காருக்கு. நம் ஊர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அங்கே செல்லும், சாலையிலும் இடப்பக்கம்தான். பஸ்ஸிலோ ஆளுக்கு இருநூறு ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். "தினமும்தான் ஓட்டுறீங்களே, இங்க வந்துமா? ஒரு நாளாவது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாங்க" என்றாள் மனைவி. அதற்கு மேல் பேச்சு ஏது.

ஆனால் பஸ்ஸுக்கு நான் தலையாட்டியதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, அங்கே பல கார் வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தத்தில், பொழுது சாய்ந்த பிறகு நகர எல்லைக்கு வெளியே ஓட்டக்கூடாது என்ற விதி இருக்கிறது. எல்லாம் கங்காருவுக்குப் பயந்துதான். ஜூன் மாதத்தில் அங்கே ஐந்தரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்படியானால் மூன்று மணிக்கெல்லாம் கல்லை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இரண்டாவது, கற்களுக்கு நடுவே கார் போகும் சுற்றுப்பாதை தார் போடாதது. சாதாரணக் கார் தாராளமாகப் போகலாம், ஜீப் தேவையில்லை. ஆனால் தார் இல்லாத பாதையில் ஏதாவது ஆனால் காப்புறுதி செல்லாது என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. கார் எடுப்பவர்கள் சாவியை வாங்குவதற்கு முன் இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் போன நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் இந்தச் சுற்றைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன, நிற்கும் இடங்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்னைக் கேட்டால் நிறுவனத்தின் பெயர் இரண்டாம் பட்சம். பஸ் நம்மை எத்தனை மணிக்குக் கற்களிடம் இறக்கிவிடுகிறது, எத்தனை நிமிடம் நிற்க விடுகிறது, இதற்குத்தான் காசு. விளம்பரத் தாளில் கோவாலா படமும் லாப்ஸ்டர் படமும் பெரிதாக இருக்கும். இந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் இருக்காது. மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் சொல்வார்கள். எங்களுக்கு வந்த பதில்: பகல் ஒன்றே கால் மணி, நாற்பத்தைந்து நிமிடம்.

காலையில் நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோட்டல் வாசலிலேயே ஏற்றிக்கொள்வோம் என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் ஹோட்டல் எங்களுடையது. அதற்குப் பிறகு ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஆட்களை ஏற்றியதில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஒரு ஜோடி காபிக் குவளையோடு ஆற அமர நடந்து வந்து ஏறினார்கள். நம் ஊரில் நான் இரண்டு நிமிடம் தாமதித்தால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை. பாலைவனத்தில் கிடைக்கவேண்டிய நேரத்தை நகரத்தின் சிக்னல்களில் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை. நகர மையத்தில் ஒரே இடத்தில் எல்லோரையும் ஏற்றும் நிறுவனம் கிடைத்தால் அதையே எடுங்கள். பத்து நிமிடம் நடந்து போவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஓட்டுநரே வழிகாட்டியும். தலையில் மைக் மாட்டிக்கொண்டு, ஓட்டிக்கொண்டே பேசுவார். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பழகிய ஆள் நான். கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தேன். எதிரே லாரி வரும்போதெல்லாம் அவர் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். லாரி கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு கேரவனை முந்தும்போதும் அப்படித்தான், முந்தி முடித்துத் தன் தடத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த சொல். இது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதல்ல. அதற்குப் பிறகுதான் என் வலது கால் ஓய்ந்தது.

போகும் பாதைக்கு இந்தியன் ஓஷன் டிரைவ் என்று பெயர். கடலோரமாகவே போகும் இந்தச் சாலை முழுதாகத் திறக்கப்பட்டது 2010-இல்தான். அதற்கு முன் கார்க்காரர்கள் உள்நாட்டு நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. பெரும்பகுதி இரண்டே தடம், நடுவில் தடுப்பு கிடையாது. கார்களுக்கு 110 வரை, பெரிய பஸ்களுக்கு 100 கிலோமீட்டர் வேகம். நம் ஊரில் 60-க்கு மேல் போகாத ஆளுக்கு அந்த முள்ளைப் பார்க்கும்போது அடிவயிற்றில் ஏதோ செய்தது, ஒத்துக்கொள்கிறேன். சீட் பெல்ட் போடாமல் யாரும் உட்காரக்கூடாது. வழி நெடுக பேங்க்சியா புதர்களும் புல்மரங்களும், திடீர் திடீரென்று வெள்ளை மணல்மேடும். போகும்போது கடல் இடப்பக்கம். பதிவு செய்யும்போது இருக்கை தேர்வு இருந்தால் இடப்பக்கம் கேளுங்கள்.

யான்செப் பூங்காவில் கோவாலா பார்க்க நிறுத்தினார்கள். கோவாலா தூங்கிக்கொண்டிருந்தது. சின்னவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. மேலே எழுத ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக்கு பினக்கிள்ஸைத் தாண்டி செர்வான்டிஸ் என்ற மீனவ ஊர் வரை போய்த் திரும்புகிறார்கள். 1844-இல் அந்தக் கரையில் உடைந்துபோன ஓர் அமெரிக்கத் திமிங்கிலவேட்டைக் கப்பலின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். ஊரின் பிழைப்பு லாப்ஸ்டர். நம் ஊர் விருந்து மேசைகளில் வரும் பெரிய கொடுக்கு வைத்த வகை அல்ல, கொடுக்கே இல்லாத பாறை லாப்ஸ்டர். கடல்வளத்தைக் கெடுக்காமல் பிடிக்கிறார்கள் என்று 2000-ஆம் ஆண்டில் எம்எஸ்சி என்ற அமைப்பின் சான்றிதழ் வாங்கிய மீன்பிடித் தொழில் இது, உலகிலேயே அந்தச் சான்றிதழின் முதல் வரவு. பெரும்பகுதி உயிரோடு சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2020-இன் கடைசியில் சீனா வாங்குவதை நிறுத்தியபோது ஊரே ஆடிப்போனதாம். பெரியவன் பாதி லாப்ஸ்டரை ஒரு கை பார்த்தான். சதை இனிப்பாக இருக்கிறது, பூண்டு வெண்ணெயைத்தான் அளவில்லாமல் ஊற்றிவிடுகிறார்கள். அன்று செவ்வாய்க்கிழமை, அம்மா கவிச்சி தொடமாட்டார். எங்கள் அப்பார்ட்மெண்ட் ஹோட்டலில் காலையிலேயே கிண்டி எடுத்துவந்த எலுமிச்சைச் சாதத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாதத்தில் கறிவேப்பிலை மட்டும் இல்லை. ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் பச்சை இலை தப்பாது, கொண்டுபோகாதீர்கள். உணவுப் பொருள் எதுவானாலும் அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் நாங்கள் இருந்தது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பினக்கிள்ஸுக்கு முக்கால் மணி நேரம். இந்தச் சுற்றின் பெரிய குறை இதுதான். வந்ததே கல்லைப் பார்க்க, கடையில் வரிசையில் நிற்க அல்ல.

பஸ் தகவல் மையத்துக்கு அருகே நின்றது. கழிப்பறை இங்கேதான், உள்ளே கற்களுக்கு நடுவில் கிடையாது. வயதானவர்களை முதலில் அங்கே கூட்டிப்போய்விடுங்கள். மையத்திலிருந்தே நடைபாதை தொடங்குகிறது.

முதல் பார்வைக்கு அது பாலைவனம் என்றே தோன்றும். ஆனால் மழைக் கணக்கைப் பார்த்தால் அது பாலைவனமே அல்ல. குளிர்காலத்தில் நன்றாகவே பெய்யும். நாங்கள் இறங்கியபோதுகூடச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. நனைந்த மணல் மஞ்சள்தூளின் நிறத்துக்கு வந்திருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் அதிகம் நடக்க முடியாது. பாதை ஓரத்தில் முதலாவதாக நின்ற, இடுப்பளவு உயரக் கல்லின் அருகே நின்றுகொண்டார். கண்ணுக்கெட்டிய வரைக்கும் பார்த்துவிட்டு, "நடுகல்லு மாதிரி இல்ல இருக்கு. யாரு தம்பி இத்தனையும் நட்டது?" என்று கேட்டார். பெரியவன் தகவல் பலகையைப் படித்து வந்து பாட்டிக்குச் சொன்னான்.

அவன் சொன்னதன் சுருக்கம் இது. கடற்சிப்பிகள் உடைந்து சுண்ணாம்பு மணலாகின. காற்று அதை உள்ளே கொண்டுவந்து மேடுகளாகக் குவித்தது. குளிர்கால மழை மேலே இருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கியது, கீழே அது இறுகிப் பாறையானது. மேலே மண் சேர்ந்து செடிகள் முளைத்தன, வேர்கள் பாறையில் விரிசல் கண்ட இடங்களில் நுழைந்தன, தண்ணீர் அந்த வழியாக இறங்கி அரித்தது. அரிக்காமல் நின்ற பாகங்களைச் சுற்றியிருந்த மணலைக் காற்று பிறகு அள்ளிப் போனது. மிச்சம் நிற்பவைதான் இந்தக் கற்கள். உருவாகிப் பல்லாயிரம் ஆண்டுகள் இருக்கும் என்கிறார்கள். எந்தப் படி எப்படி நடந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சிப்பிதானே. அப்ப இங்க கடல் இருந்திருக்கு" என்று சொல்லிக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தூரத்தில் பார்த்தால் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு கல்லின் உச்சியில் தொப்பி வைத்ததுபோல் கெட்டியான ஒரு படலம், கீழே மிருதுவான பாகம் அரித்துப்போய் உள்வாங்கியிருந்தது. இன்னொன்றில் சாய்வான வரிவரியாகக் கோடுகள். அந்தக் காலத்து மணல்மேட்டில் காற்று படியவைத்த அடுக்குகளாம் அவை. வேறொன்றின் பக்கவாட்டில் விரல் கனத்துக்கு வெள்ளைக் குழாய்கள் பின்னிக் கிடந்தன. வேர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு உறைந்து அப்படியே நின்றுவிட்டது. உயரமானவை மூன்றரை மீட்டர் வரை போகின்றன. ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏறவிடாதீர்கள். ஒரு வெளிநாட்டு இளைஞர் படத்துக்காகக் காலை வைக்கப் போக, எங்கள் ஓட்டுநர் எங்கிருந்தோ குரல் கொடுத்து இறக்கினார். அவருக்கு இன்னொரு மதிப்பெண்.

முக்கால் மணி நேரம் போதுமா என்றால் போதாது. நடைபாதையை நின்று நிதானமாகச் சுற்றினால் தகவல் மையத்துக்கு நேரமில்லை. மையத்துக்குள் நுழைந்தால் நடை பாதியில் நிற்கும். நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். மனைவியும் சின்னவளும் உள்ளே போனார்கள், நானும் பெரியவனும் நடந்தோம். கார்க்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. சுற்றுப்பாதையில் ஆமை வேகத்தில் போய், வேண்டிய இடத்தில் ஓரங்கட்டி இறங்கி, மறுபடி ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் போல நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே கார் எடுக்கலாம். கல்லின் காலடி வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்விடலாம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கற்களின் அழகில் பாதி அவற்றின் நிழலில் இருக்கிறது. உச்சிவெயிலில் நிழல் காலுக்கடியில் சுருங்கிவிடும், கல்லும் மணலும் ஒரே வெளுப்பாகத் தெரியும். அதனால்தான் எல்லோரும் மாலை நேரத்தைச் சொல்கிறார்கள். ஆனால் ஜூனில் அங்கே சூரியன் நடுப்பகலிலும் தாழ்வாக, வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. ஒன்றே கால் மணிக்கு நாங்கள் இறங்கியபோது சாரல் விலகி வெயில் வந்ததும், கல்லின் உயரத்தைவிட நிழல் நீளமாக விழுந்தது. ஆக ஜூன் விடுமுறையில் போகிறவர்களுக்கு இந்தப் பகல் பஸ் மோசமில்லை. இதே பஸ்ஸை டிசம்பர் விடுமுறையில் எடுத்தால் கதை வேறு. சூரியன் தலைக்கு மேல் நிற்கும், வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு, முகத்தை விட்டு ஈ நகராது. டிசம்பரில் போவதானால் பகல் பஸ்ஸைத் தொடவே தொடாதீர்கள். மத்தியானம் கிளம்பி, சூரிய அஸ்தமனத்தைக் கற்களுக்கு நடுவே காட்டி, இருட்டியதும் நட்சத்திரம் காட்டிவிட்டு இரவில் கொண்டுவந்து விடும் பஸ்கள் இருக்கின்றன. காசு கொஞ்சம் கூட இருந்தாலும் அதைத்தான் எடுக்க வேண்டும். செப்டம்பரின் ஒரு வார விடுமுறைக்குப் போக முடிந்தவர்கள் பாக்கியசாலிகள், வழியெல்லாம் காட்டுப்பூ பூத்திருக்கும் காலம் அது.

திரும்பும் வழியில் லான்சலின் மணல்மேடு. பிள்ளைகளுக்கு இதுதான் அன்றைய திருவிழா. எனக்கும்தான், ஆனால் வேறு காரணத்துக்கு.

நாங்கள் வந்தது நான்கு சக்கரமும் இழுக்கும் பஸ். லாரி அடிச்சட்டத்தின் மேல் பஸ் கூண்டு கட்டியது, படியேறித்தான் உள்ளே போகவேண்டும். மணல் தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் நிறுத்தி இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன், யார் தடுத்தாலும் நின்றிருக்கமாட்டேன். ஒவ்வொரு டயராகக் குனிந்து காற்றை இறக்கினார். சீறிக்கொண்டு காற்று வெளியேற, டயரின் அடிப்பாகம் மெல்ல அகன்று மணலில் பரவியது. நம் டெப்போவில் டயர் அப்படி இருந்தால் வண்டியை வெளியே விடமாட்டார்கள். இங்கே அப்படி இருந்தால்தான் வண்டி மேலே போகும். அகலமாகப் படிந்தால் பாரம் பரவும், புதையாது. நானும் பஸ் ஓட்டுபவன் என்று சொன்னேன். "எந்த ஊர்?" என்றார். சிங்கப்பூர் என்றதும், மணிக்கு எத்தனை நிறுத்தம் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, தனக்கு மணலே மேல் என்று சிரித்தார்.

மேட்டின் விளிம்பில் பஸ்ஸின் மூக்கு கீழே சாய்ந்தபோது பின்னாலிருந்து எல்லோரும் கத்தினார்கள். அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. கீழ் கியரில் விட்டு, எஞ்சின் இழுத்துப் பிடிக்க, நேர்கோட்டில் இறக்கினார். பக்கவாட்டில் திருப்பினால் கவிழும். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். இதயக் கோளாறு, முதுகுவலி உள்ளவர்கள் இந்தப் பகுதிக்கு முன்பே இறங்கிக் காத்திருக்கலாம் என்று ஓட்டுநர் சொன்னார். ஆனால் ஆங்கிலத்தில், ஒரே ஒரு முறை, வேகமாக. வயதானவர்களோடு போகிறவர்கள் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சறுக்குப் பலகை. அடியில் மெழுகு தேய்த்துக் கொடுப்பார்கள். உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி, விட்டுவிட வேண்டியதுதான். இறங்குவது நொடிப்பொழுது. திரும்ப ஏறுவதுதான் நாக்கைத் தள்ளிவிடும், ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே வரும். பெரியவன் சளைக்காமல் ஏறி இறங்கினான். மணல் சட்டைப் பை, காது, போனின் சார்ஜ் துளை எல்லாவற்றிலும் புகும். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். ஜூன் மாதக் கடற்காற்று குளிரும், நம் ஊர்ச் சட்டை எதற்கும் உதவாது.

சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கிளம்பும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. காலையில் 100-இல் ஓட்டியவர் இப்போது அதைத் தொடவில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சாலையின் இரு ஓரங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு திருப்பத்துக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் கங்காரு ஒன்று ஓரத்தில் நிமிர்ந்து நின்றது. ஸ்டியரிங் அசையவில்லை. நேராக வைத்தபடியே வேகத்தை மட்டும் இறக்கினார். அது ஒரு நொடி யோசித்துவிட்டுப் புதருக்குள் போனது. கார் ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பலரும் அடிபடுவது கங்காருவில் மோதி அல்ல, அதைத் தவிர்க்கிறேன் என்று வண்டியை ஒடித்து மரத்தில் மோதியும் கவிழ்ந்தும்தான் என்று அவர் பிறகு சொன்னார்.

என் மதிப்பெண்கள்: ஓட்டுநருக்கு ஐந்துக்கு ஐந்து, கையில் இருந்திருந்தால் ஆறு. வண்டிக்கு நாலரை, இருக்கைகளுக்கு நடுவே கால் நீட்ட இடம் போதவில்லை. நேர அட்டவணைக்கு இரண்டு. அதைப் போட்டது ஓட்டுநர் அல்ல, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ. கோவாலாவை எடுத்துவிட்டு, சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்தாலே பினக்கிள்ஸுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். கருத்துப் படிவத்தில் இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து செப்டம்பரில் விடுப்புக் கிடைத்தால் கார்தான், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.